கண்ணாடி போட்ட ஆட்டுத்தலைகள்

1938ஆம் ஆண்டு மாசி மாதத்துச் சனிக்கிழமையொன்றில், கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருந்த மக்கீனின் இறைச்சிக் கடையில், கொக்கியில் தொங்கிய ஆட்டுத்தலையொன்று வாங்க வந்தவர்களைப் பார்க்கத் தொடங்கியது. முதலில் அகப்பட்டவர் தபால் கந்தோர் தில்லைநாதன். அவர் வலப்பக்கம் நகர, ஒரு கண் கூடவே வந்தது. இடப்பக்கம் நகர, மற்றக் கண் வந்தது. அவர் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்குப் போய், அந்தக் கிழமை முழுவதும் மரக்கறி சாப்பிட்டார்.

காரணம் டொக்டர் சரோஜினிதேவி. அவர் அப்போது கண் ஆஸ்பத்திரியில் கண்புரை சத்திரசிகிச்சை பழகிக்கொண்டிருந்தார். அந்த வேலையில், கருவிழியின் ஓர் ஓரத்தால் நுழையும் மெல்லிய கத்தி நிற்காமல் மறு ஓரத்தால் வெளியே வரவேண்டும். நடுவில் நின்றால் கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிந்து, கண் கெட்டுப்போகும். சரோஜினிதேவியின் கத்தி நடுவில் நின்றது. கை நடுக்கம் எதுவுமில்லை. இந்தக் கண் என்னைப் பார்க்கிறதோ என்ற நினைவு சரியாக அந்த இடத்தில் வந்துவிடும். அதிகம் கதைக்காத ஸ்கொட்லாந்துக்காரரான பெரிய டொக்டர், சித்திரை வருஷப்பிறப்புக்குள் இந்தப் பழக்கம் போகாவிட்டால் பிரசவ வார்ட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்று சொல்லியிருந்தார். அதுவரை உயிருள்ள கண்ணைத் தொடவும் கூடாது.

ஆகவே பின்னேரங்களில் மக்கீனின் கடைக்குப் பின்னால் இருந்த அறையில், ஆட்டுத்தலையைத் துவாயால் சுற்றி, நோயாளியைப்போல் படுக்கவைத்து அவர் பழகினார். கண்ணை மட்டும் எடுத்துத்தர மக்கீன் சம்மதிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் தலை வாங்குகிறவர்கள் கண் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். எனவே வேலை முடிந்ததும் சரோஜினிதேவி பட்டுநூலால் ஒரு தையல் போட்டு, தலையைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார். கத்தி நின்ற தலைகள் வழக்கம்போலக் கறியாயின. அந்த வெள்ளிக்கிழமைதான் முதன்முதலாக, இரண்டு கண்ணிலும் கத்தி நிற்காமல் போனது. மறுநாள் தலை பார்த்தது.

“நோனா, நீங்க கண்ணத் தொறந்து உட்டா எவன் வாங்கித் திம்பான்?” என்று மக்கீன் சண்டைக்கு வந்தார்.

“உண்மையாவே பார்க்குதோ? வடிவாத் தெரியுதாமோ?”

“என்னக் கேட்டா? எனக்கு ஆட்டுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியிற இல்ல.”

அது உண்மை. மக்கீனின் கண் இரண்டும் புரையால் பால் பிடித்துப் பல வருஷம். “நேத்து பேர்னாட் மாஸ்டருக்கு நெஞ்செலும்பு எண்டு தன்ட சால்வையச் சுத்திக் குடுத்தீக்கிறார்,” என்றார் மனைவி ருக்கியா. “செத்த ஆட்டுக்கே பார்வ வந்தீக்கு. உசிரோட ஈக்கிற மனிசன் கத்தியெண்டா கட்டிலுக்குக் கீழ ஒளியிற.”

தலைக்குத் தூரப் பார்வை மங்கலாக இருந்தது. புரை எடுத்த கண்ணுக்கு அது இயல்பு என்பதால், சரோஜினிதேவி தடித்த கண்ணாடியொன்று கொண்டுவந்து, நடுக்கம்பியை இரு பக்கமும் வளைத்து மாட்டிவிட்டார். பிறகு அது கடலைப் பார்த்தது. பங்குனிக்குள் இன்னும் சில தலைகள் சேர்ந்தன. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த சுகாதாரப் பரிசோதகர் ஸ்ரனிஸ்லாஸ் ஒவ்வொன்றையும் மணந்துபார்த்தார். ஒன்றும் கெடவில்லை. இறைச்சி பழுதாக இருக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததே தவிர, பார்க்கக் கூடாது என்று இருக்கவில்லை.

வருஷப்பிறப்பு நெருங்கியபோது பெரிய டொக்டரும் வந்தார். விரலை உயர்த்தி மேலும் கீழும் அசைத்தார். எல்லாக் கண்களும் ஏறி இறங்கின. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, “செவ்வாய்க்கிழமை. உயிருள்ள கண். ஒரு தடவைதான்,” என்றார். யாருடைய கண் என்று சொல்லவில்லை. ருக்கியா புருஷனின் கையைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

செவ்வாய்க்கிழமை மக்கீன் சத்திரசிகிச்சை மேசையில் கிடந்தார். வலி தெரியாமலிருக்கக் கண்ணில் விறைப்பு மருந்து விட்டார்கள். கத்தி நின்றால் அவருக்கு அந்தக் கண் இல்லை, சரோஜினிதேவிக்கு அந்த வார்ட் இல்லை. பெரிய டொக்டர் பின்னால் கைகட்டி நின்றார்.

“அசையாதேங்கோ. கதைக்காதேங்கோ.”

“ஆடு கதைச்சிச்சா? நானும் கதைக்க மாட்டேன்.”

கத்தி நுழைந்தது. நடுவுக்கு வந்தது. பழைய நினைவும் வந்தது. அப்போது, வாக்குக் கொடுத்திருந்த மக்கீன் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார்: “நெழலா ஒரு கை தெரியுது நோனா. பாத்துட்டுத்தான் ஈக்கேன். நீங்க போங்க.”

கேட்டு முடிப்பதற்குள் கத்தி மறு ஓரத்தால் வெளியே வந்திருந்தது. அவித்த கடலை தோலை விட்டு வழுக்குவதுபோலப் புரை வந்தது. பெரிய டொக்டர் கட்டியிருந்த கையை அவிழ்த்து, கழுவப் போனார். அவர் யாரையும் அவ்வளவு புகழ்ந்ததில்லை.

கட்டு அவிழ்த்து, கண்ணாடி போட்டு, மக்கீன் கடைக்குள் வந்தபோது, தலைகள் அவரைப் பார்த்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்து, “இவ்வளவு ஊத்தையிலயா நான் யாவாரம் செஞ்ச?” என்று கேட்டு, அன்றே சுண்ணாம்பு அடித்தார். மற்றக் கண்ணின் புரையையும் வைகாசியில் சரோஜினிதேவியே எடுத்தார்.

பிறகு வந்த உலக யுத்த காலத்தில் சரோஜினிதேவியிடம் பழக வந்த இளம் டொக்டர்மாரும் அதே பின்னறையில்தான் பழகினார்கள். பார்க்கும் தலைகளை மக்கீன் விற்பதில்லை. கடல் தெரியும் பக்கத்துப் பலகையில் வரிசையாக வைத்தார். காலையில் ருக்கியா கண்ணாடிகளைத் துடைத்துவிடுவார். கடற்கரையோரமாகக் கோட்டை ஸ்டேசனுக்குப் போகும் ரயில் ஒழுங்கை முனையைக் கடக்கும் நேரத்தில் வாங்க வந்தவர்கள் வாசலை விட்டுச் சற்று ஒதுங்கி நிற்பார்கள். தில்லைநாதனும் ஒதுங்குவார். பின்னால் பலகையில் இருப்பவர்களுக்கு மறைக்குமல்லவா.