அலமாரியின் இடது கை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் இடுப்பிலிருந்து பிறந்தது. போன வருடம் வாங்கிய பேண்ட் இந்த வருடம் ஏற மறுத்துவிட்டது. பிரித்துக் கொஞ்சம் தாராளமாக்கித் தரச் சொல்லலாம் என்று டெய்லர் அக்காவின் கடைக்குப் போனேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. மஞ்சள், ஊதா, பச்சை என்று குட்டிக் குட்டிச் சட்டைகள் மேசையிலும் நாற்காலியிலும் குவிந்து கிடந்தன.

"என்னங்க இது?" என்றேன்.

"ரக்பி சட்டைங்க. பதிமூணு வயசுக்குக் கீழ இருக்குற பொண்ணுங்க டீம். மூணு டீமுக்கும் நான்தான் தைக்கிறேன். அதுல இந்தத் தடவை ஒரு கூத்து ஆயிப்போச்சு, கேளுங்க."

பேண்டைப் பிரிக்க ஆரம்பித்தபடியே சொல்லத் தொடங்கினார். பேண்ட் முடிந்த பிறகும் கதை முடியவில்லை. நான் போகவும் இல்லை.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இப்படி: "மழை விட்ட மைதானத்தில் பன்னிரண்டு சிறுமிகள் சேற்றில் —"

அன்று மழையே பெய்யவில்லையாம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "வெற்றி என்பது —"

இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன். இதுவும் போயிற்று.

ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். ஒரு மன்னிப்பு மட்டும். நேரில் அவரை "நீங்க" என்றுதான் பேசுவேன். கதைக்குள் வந்துவிட்டால் எல்லோரும் "அவன்", "அவள்" ஆகிவிடுகிறார்கள். அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது.

2

அக்காவுக்கு ஒரு தம்பி. லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஐந்து நாள் அடுக்குமாடிகளில் மேலும் கீழும் போய் வருவான். மீதி இரண்டு நாள் பச்சை அணியின் கோச். அந்த அணியில் அக்காவின் மகளும் ஆடுகிறாள். ஆள் சிறியவள், ஓரக் கோட்டை ஒட்டிப் பறப்பாள், பிடிக்கப் போனால் கைக்குச் சிக்க மாட்டாள். அதனால் அவளுக்குக் கொசு என்று பெயர்.

(ரக்பி தெரியாதவர்களுக்கு: நானும் உங்கள் கட்சிதான். நான்கு விஷயம் போதும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். ஓடுகிறவளை எதிராளி தோளுக்குக் கீழே இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துச் சாய்க்கலாம். கை போடாமல் வெறுமனே மோதினால் தவறு. பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் அதற்குப் பெயர் ட்ரை, ஐந்து புள்ளி.)

சீசனின் முதல் ஆட்டம் மஞ்சள் அணியோடு. தம்பியிடம் ஒரு நோட்டு உண்டு. எதிரணியில் யார் வேகம், யார் பலம், யார் பந்தைக் கண்டால் பயப்படுகிறாள் என்று போன வருடம் முழுக்க எழுதி வைத்திருந்தான். "மஞ்சள் டீம் ஒண்ணுமே இல்ல. எல்லாம் பொடிசுங்க. நேரா நடுவுல புகுந்து போங்க," என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினான்.

மஞ்சள் அணி மைதானத்தில் இறங்கியது. தம்பி நோட்டையும் மைதானத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பொடிசுகள் எல்லாம் விடுமுறையில் ஒரு சாண் வளர்ந்திருந்தார்கள். நோட்டில் "பயந்தாங்கொள்ளி" என்று எழுதியிருந்த பெண், பச்சை அணியில் மூன்று பேரைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டே போய் ட்ரை வைத்தாள்.

முப்பத்தைந்துக்கு ஐந்து. அந்த ஐந்தும் கொசு வைத்தது.

இதுதான் சீசன் தொடக்கத்தில் உள்ள சங்கடம். பெரியவர்கள் அணியென்றால் போன வருடத்து ஆள் இந்த வருடமும் ஏறக்குறைய அதே ஆள்தான், ஒரு சுற்று பருத்திருப்பார், அவ்வளவுதான் (என் பேண்ட் சாட்சி). பிள்ளைகள் அப்படியில்லை. இரண்டு மாதம் கண்ணில் படாவிட்டால் வேறு ஆளாக வந்து நிற்பார்கள்.

3

மறுநாள் காலை தம்பி கடைக்கு வந்தான். அடுத்த ஆட்டம் ஊதா அணியோடு, இரண்டு வாரம் கழித்து. வந்தவன், சட்டைகள் போய்ச் சேர்ந்த பிறகு மிஞ்சிக் கிடந்த ஊதாத் துணியைத் தடவிப் பார்த்தான்.

"அக்கா, உன் அளவு நோட்டு எங்க?"

"எதுக்கு?"

"சும்மா பாக்கத்தான். ஊதா டீம்ல யாரு எவ்வளவு வளர்ந்திருக்கான்னு தெரிஞ்சா போதும். உயரம், தோள், மார்பு... எல்லாம் உன்கிட்ட எழுதி இருக்குல்ல?"

அக்கா அளவு நோட்டை எடுத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா!"

"அளவு குடுக்கும்போது புள்ளைங்க என் முன்னாடி கைய விரிச்சிக்கிட்டு நிக்குதுங்க. டெய்லர்னுதான் நிக்குதுங்க, கோச்சோட அக்கான்னு இல்ல. உனக்கு அவங்க டீமைப் பத்தித் தெரியணும்னா போய் ஆட்டத்தைப் பாரு. அது எல்லாருக்கும் பொது."

"நீயும் வரியா?"

"வரேன். ஆனா எழுதித் தர மாட்டேன்."

(இந்த இடத்தில் தம்பியைக் கொஞ்சம் வில்லனாக்கலாம் என்று நினைத்தேன். மீசைகூட யோசித்து வைத்தேன். அக்காவிடம் சொன்னபோது முகம் மாறிவிட்டது. "அவன் தங்கமான பையங்க. தோத்த அன்னிக்கு ஒவ்வொரு புள்ளையையும் வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டு, அவங்கம்மாகிட்ட 'தப்பு என்னுது, புள்ளைங்க நல்லாத்தான் ஆடினாங்க'ன்னு சொல்லிட்டு வந்தான்." மீசையை எடுத்துவிட்டேன்.)

4

அந்தச் சனிக்கிழமை ஊதாவும் மஞ்சளும் ஆடின. அக்காவும் தம்பியும் ஓரக் கோட்டருகே நின்றார்கள். அவன் கையில் புது நோட்டு.

ஊதா அணியின் நடுவில் ஒரு பெண் நின்றாள். அகலமும் உயரமுமாக, நாலு பேர் தள்ளினாலும் நகராத மாதிரி. அவள் கூட்டாளிகளே அவளை அலமாரி என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து புள்ளி எடுத்த மஞ்சள் அணி அவளிடம் வந்து வந்து மோதி விழுந்தது. தம்பி நோட்டில் எழுதினான்: "நடுவில் போகவே கூடாது."

கால் மணி நேரம் கழித்து அவன் கண் சுருங்கியது.

"அக்கா, கவனிச்சியா? வலப்பக்கம் வர்றவங்களை எல்லாம் அமுக்கிப் பிடிக்கிறா. இடப்பக்கம் போனா விட்டுடுறா. கைய நீட்டவே மாட்டேங்கிறா. ரெண்டு ட்ரையும் அந்த வழியாத்தான் போயிருக்கு!"

அவன் மகிழ்ச்சியில் எழுதிய வேகத்தில் பேனா தாளைக் கிழித்தது. நியாயமான மகிழ்ச்சிதான். யார் நோட்டையும் பார்க்காமல், சொந்தக் கண்ணால் கண்டுபிடித்தது.

அக்கா அலமாரியைப் பார்க்கவில்லை, அவள் போட்டிருந்த சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது அக்குளில் துணி இழுத்துப் பிடித்துச் சுருக்கம் சுருக்கமாக நின்றது. வலது பக்கம் ஒரு சுருக்கமும் இல்லை. பிறகு அவள் கண் மைதானத்தில் வேறெதையோ தேடியது. கிடைத்தது. ஊதா அணியிலேயே மிகச் சின்னப் பெண், ஓரத்தில் நின்றாள். அவள் சட்டையின் வலது கை சரியாக இருந்தது. இடது கை மட்டும் பட்டம் மாதிரி காற்றில் படபடத்தது.

வெட்டிய துண்டுகளை ஆளுக்கொரு கட்டாகக் கட்டும்போது இரண்டு இடது கைகள் இடம் மாறிவிட்டன. சின்னவளின் கை பெரியவளுக்கு, பெரியவளின் கை சின்னவளுக்கு. தைத்தது அக்காதான்.

"போச்சுடா," என்றாள்.

"என்ன போச்சு?"

சொன்னாள். தம்பி நோட்டை மூடினான். பிறகு, சின்ன வயதில் அவளிடம் கடைசி மிட்டாயைக் கேட்ட அதே குரலில் கேட்டான்:

"அக்கா, அடுத்த சனிக்கிழமைக்கு அப்புறம் தச்சுக் குடேன். ஒரே ஒரு வாரம்."

5

(இங்கே ஒரு பக்கம் மனப்போராட்டம் எழுதினேன். மகளா, தொழிலா, தம்பியா, மனசாட்சியா என்று அக்கா ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விடுகிறாள். அதைப் படித்துவிட்டு அக்கா சிரித்த சிரிப்பில் மெஷின் நின்றுவிட்டது. "ஜன்னல் ஓரம் நிக்க எனக்கு ஏதுங்க நேரம்? ஆட்டம் முடிஞ்ச உடனே போயிட்டேன்." அந்தப் பக்கம் குப்பைக்குப் போனது.)

ஆட்டம் முடிந்த உடனே போய்விட்டாள். ஊதா அணியின் கோச் ஒரு கணக்கு டீச்சர். பச்சை அணிக் கோச்சின் அக்கா கையில் இஞ்ச் டேப்போடு தன் பிள்ளைகளை நோக்கி வருவதைக் கண்டதும் டீச்சர் குறுக்கே வந்து நின்றாள்.

"என்ன வேணும்?"

"ரெண்டு சட்டையில கை மாறிப்போச்சுங்க. என் தப்புதான். கழட்டிக் குடுத்தா சரி பண்ணித் தரேன்."

"இப்ப எதுக்கு அளவு?"

"அளவு எடுக்கலன்னா மறுபடியும் தப்பாத் தைப்பேங்க."

டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்திலேயே நின்றாள், பரீட்சை அறையில் நிற்கிற மாதிரி. அக்கா அலமாரியைக் கூப்பிட்டு, "கைய மேல தூக்கும்மா," என்றாள். இடது கை தோள் உயரத்தோடு நின்றுவிட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"சட்டை வந்ததுலேர்ந்து, ஆன்ட்டி."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அலமாரி தரையைப் பார்த்தாள். மூன்று பேர் சேர்ந்து மோதியும் அசையாத பெண், குரலே வெளியில் வராமல் சொன்னாள்: "என் கைதான் குண்டாயிடுச்சுன்னு நெனச்சேன். சாயங்காலம் பால் குடிக்கிறதை நிறுத்திட்டேன்."

அக்கா அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டாள். சிரித்துச் சமாளித்தாள். "அடி பைத்தியம்! கை சரியாத்தான் இருக்கு. சட்டைதான் தப்பு. தச்ச எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு. வீட்டுக்குப் போய் ரெண்டு டம்ளரா குடி."

கணக்கு டீச்சர் முகத்தைத் திருப்பி, கொஞ்ச தூரத்தில் இருந்த கம்பத்தை எதற்கோ உற்றுப் பார்த்தாள். பிறகு சின்னவளையும் அவளே கூப்பிட்டு, சட்டையைக் கழற்ற உதவினாள்.

6

திங்கட்கிழமை இரண்டு சட்டைகளும் போய்ச் சேர்ந்தன. தம்பி மூன்று நாள் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. நான்காம் நாள் வந்தான். வந்தவன் தட்டை விட்டு நிமிராமல் சாப்பிட்டான்.

"அந்தப் பொண்ணு பாலை நிறுத்திட்டாளாமே?" என்று கேட்டான், பாதிச் சாப்பாட்டில்.

"ஆமா."

"தச்சுக் குடுத்தது சரிதான்." இன்னொரு வாய் சாப்பிட்டான். "ஆனா ஒண்ணு சொல்றேன்க்கா. சட்டை மாறிடுச்சு, பழக்கம் மாறியிருக்காது. கைய நீட்ட யோசிப்பா. நான் பிளானை மாத்தப் போறதில்ல."

கொசு எதிரே உட்கார்ந்திருந்தாள். "அப்போ நான் இடப்பக்கமா போலாமா மாமா?"

"கண்ணை மூடிக்கிட்டுப் போ."

அக்கா இரண்டு தட்டிலும் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

7

ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். தம்பியின் மதிப்பீடு பாதி சரி, பாதி தவறு. முதல் பாதியில் அலமாரி இடப்பக்கம் தயங்கினாள். அந்த வழியாகக் கொசு ஒரு ட்ரை வைத்தாள். அவன் கணக்கில் வராதது அந்தச் சின்னப் பெண். படபடக்கும் சட்டையைப் பார்த்து "பலவீனம்" என்று அவளை எழுதியிருந்தான். சரியான கை கிடைத்ததும் அவள் பந்தை வாங்கிக்கொண்டு எலி மாதிரி இடுக்கில் புகுந்து இரண்டு முறை போய்விட்டாள். பச்சையும் இன்னொரு ட்ரை வைத்தது. பத்துக்குப் பத்து.

கடைசி நிமிடம். பந்து கொசுவின் கைக்கு வந்தது. ஓரக் கோட்டை ஒட்டி ஓடினாள். முன்னால் ஒரே ஒரு ஆள், அலமாரி. கொசு மாமா சொன்னபடி அவளுக்கு இடப்பக்கமாக வளைந்தாள்.

அப்போது ஓரத்திலிருந்து ஒரு குரல், மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி:

"கைய நீட்டுடி! நீட்டு! வரும்!"

தம்பி திரும்பினான். கணக்கு டீச்சர் திரும்பினாள். ஓடிக்கொண்டிருந்த கொசுவுக்கே தன் அம்மாவின் குரல் அடையாளம் தெரிந்தது. கத்திய அக்காவுக்குத்தான், கத்தியது தான் என்று தெரிய ஒரு நொடி ஆயிற்று. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அலமாரியின் இடது கை எழுந்தது.

8

பிறகு நடந்ததை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) கை கொசுவின் இடுப்பைச் சுற்றிப் பிடிக்கிறது, இருவரும் உருள்கிறார்கள், விசில். சமன். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். இது எனக்கே கொஞ்சம் இனித்தது.

(ஆ) விரல் நுனியில் கொசு நழுவிவிடுகிறாள், ட்ரை. அலமாரி தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இல்லை. இதை எழுதிவிட்டு எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

(இ) பிடித்ததில் பந்து நழுவி, சின்னவள் அதைப் பொறுக்கிக்கொண்டு —

மூன்றில் ஒன்று உண்மை. அக்கா எனக்குச் சொன்னார். மூன்றையும் அவரிடமே படிக்கக் கொடுத்தேன். இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஸ்கோர் வேண்டாங்க. மூணு டீம் புள்ளைங்களும் இங்க வந்து போறாங்க."

"வாசகருக்கு முடிவு வேணுமே?"

"நடந்த வேற ஒண்ணு சொல்றேன், அதைப் போட்டுக்கோங்க."

அதைப் போட்டுவிடுகிறேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கொசு அம்மாவுக்கு நாலடி முன்னால் நடந்தாள். முழங்காலில் மண், முகத்தில் மண். வாசலில் ஷூவைக் கழற்றும்போதுதான் கேட்டாள்.

"அம்மா, உண்மையைச் சொல்லு. நீ யாருக்குக் கத்துன?"

"சட்டைக்குடி."

"சட்டைக்கா?"

"ஆமா. நான் தச்சது. சரியா இருக்கான்னு பாக்க வேணாமா?"

கொசு அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். முறைத்துத்தான் பார்க்க நினைத்தாள், முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு ஷூவோடு உள்ளே போய், "மாமா, இதைக் கேளேன்!" என்று கூவினாள்.

ஸ்கோரை நான் எழுதப் போவதில்லை. இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் இவ்வளவு நேரம் யார் பக்கம் நின்றீர்கள் என்று எனக்குத் தெரியாது. எழுதும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். பென்சிலால் எழுதுங்கள், நாளைக்கு மனசு மாறினாலும் மாறும்.

பச்சை: ........ ஊதா: ........