ஏழு நாள் தகடு

பேங்க் அதிகாரி பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பத்து மணிக்கே முதலாளி பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு வண்டி இரும்புத் தகட்டைக் கொண்டுவந்து எங்கள் கிடங்கு வாசலில் நிறுத்திவிட்டார். இரவல். அதிகாரி பார்த்துவிட்டுப் போனதும் திருப்பிக் கொடுத்துவிடுவாராம்.

நாங்கள் கதவுக் கீல் செய்கிறோம். கீலோடு எட்டு ஸ்க்ரூ எண்ணிப் பையில் போடுவது என் வேலை. கிடங்கும் கணக்கும் என் சித்தி பொறுப்பு. அவள் வருவதற்கு முன் இங்கே நடக்க வழி இருக்காது. கடன் வாங்கிக் குவித்த மூன்று மாதத் தகடு துருப்பிடித்துக் கிடக்கும். கீல் வாங்கிய கடைக்காரர்கள் பணம் தர இன்னொரு மூன்று மாதம். அதுவரை கூலி கொடுக்க வேறொரு கடன். சித்தி ஒரு வாரத்துக்கான தகட்டை மட்டும் வரவழைத்தாள். திங்கட்கிழமை வருவது அடுத்த திங்களுக்குள் கீலாகி வெளியே போய்விடும். கடைக்காரர்களிடம் அவள் பேசுவதைக் கேட்கவே என் மேசையை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

"அண்ணே, உங்க கதவெல்லாம் நல்லா திறக்குதாமே. கல்லாப்பெட்டி மட்டும் ஏன் திறக்க மாட்டேங்குது? அதுக்கும் ஒரு ஜோடி கீல் அனுப்பட்டுமா?"

அந்த வாரமே பணம் வந்துவிடும். ஒன்றரை வருஷத்தில் பழைய கடன் பாதி அடைந்தது.

இப்போது சின்னக் கீலுக்கு ஆர்டர் குறைகிறது. பெரிய கீல் செய்யத் தகடு வெட்டும் புது பிரஸ் மெஷின் வேண்டும், அதற்கு பேங்க் கடன் வேண்டும். அதற்காகத்தான் அதிகாரி கிடங்கைப் பார்க்க வருகிறார். கிடைக்காவிட்டால் பேக்கிங்கில் இருக்கும் நாங்கள் ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"காலிக் கிடங்கப் பாத்தா நாம நொடிச்சுப் போயிட்டோம்னுதானேம்மா எழுதுவாரு?" என்றார் முதலாளி.

"நொடிச்சவன்தான் சார் இரவல் வாங்கி அடுக்குவான். வண்டியத் திருப்பச் சொல்லுங்க. அவரு கேட்டா நான் உள்ளதத்தான் சொல்லுவேன்."

குரல் உயரவில்லை. கையிலிருந்த சாவிக்கொத்தால் வண்டி வந்த வழியைக் காட்டினாள். வண்டி திரும்பிப் போனது.

அதிகாரி வந்தார். அன்று திங்கள், அந்த வாரத் தகடு மதியம்தான் வரும். தகடு அடுக்கும் அலமாரியின் காலித் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சரக்கு எங்கேம்மா?"

"ஓடிட்டிருக்கு சார்." சித்தி பதிவேட்டை விரித்தாள். தகடு வந்த தேதி, கீல் போன தேதி, பணம் வந்த தேதி.

அவர் நின்றபடியே படித்தார். "இவ்வளவு கம்மியா வச்சுக்கிட்டு, ஒரு நாள் தகடு வரலேன்னா?"

"ரெண்டு தடவ வரல சார். மெஷின் நின்னுச்சு. அதையும் எழுதியிருக்கேன், சிவப்புல."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். நான் ஏழு ஸ்க்ரூவோடு ஒட்டிவிட்ட பையைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி காலித் தட்டின் கோடிவரை கையை விட்டு, விரலால் ஓர் இழுப்பு இழுத்தார். விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தூசி இல்லை. போன வாரத் தகட்டின் எண்ணெய் மினுங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை. என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அவர் விரல்ரேகை எண்ணெயாய்ப் பதிந்துகொண்டே போனது.