கீழ் அறை உள்ள மாநிலம்

ஸ்ரீஸ்கந்தராஜா அமெரிக்காவில் ஒருநாள்கூடக் கால் வைத்தவரல்ல. ஆனாலும் லண்டன் குட்மேய்ஸ் வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடியே அந்த நாட்டின் மாநிலங்களையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டார். எந்த மாநிலத்தில் வரி குறைவு, எங்கே பனி கொட்டும், எங்கே கோயில் கிட்ட இருக்கிறது என்று யூடியூப்காரர் சொன்னதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

மகன் யனுஷனை அவனுடைய கொம்பனி அமெரிக்காவுக்கு மாற்றுகிறது. மூன்று மாநிலங்களில் அவர்களுக்குக் கிளைக் கந்தோர் உண்டு, பிடித்ததைத் தெரிவு செய் என்று விட்டுவிட்டார்கள். அன்று தொடக்கம் வீட்டில் வேறு கதை இல்லை. ஞாயிறு மத்தியானம் பழைய நண்பர் அம்பலவாணன் சாப்பிட வந்தால் இன்னும் சூடு பிடிக்கும். ஹொலண்டிலிருந்து இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் லண்டனுக்குப் பெயர்ந்தன. மனைவி காலமான பிறகு அம்பலவாணனுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இங்கேதான். மகள் ரெக்சாஸில் இருப்பதால் ரெக்சாஸை விட்டால் அவருக்கு வேறு சொர்க்கம் கிடையாது.

"நோர்த் கரோலினாதான் ஐசே! வெயிலும் குளிரும் அளவோட. மலையும் இருக்கு, கடலும் இருக்கு" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"புயலும் இருக்கு அண்ணை. அதை அந்த வீடியோக்காரன் சொல்லேல்லையோ?"

"உம்மட ரெக்சாஸில ரோட்டே உருகுது. வீட்டுக்கு வீடு துவக்கு, தொட்டால் சுடுறாங்கள்."

"துவக்கைக் கண்டு பயப்பிட நாங்கள் என்ன சுவிஸிலயோ பிறந்தனாங்கள்? மாநிலத்துக்கு வருமான வரி ஒரு சதம் இல்லை, தெரியுமோ?"

"அதை வீட்டு வரியில பிடுங்கிறான். மகளிட்டக் கேட்டுப் பாரும்!"

குசினியில் நண்டுக் கறியை இறக்கி வைத்துக்கொண்டிருந்த ஸ்ரீஸ்கந்தராஜாவின் மனைவி கமலாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனிசனோடு வாதாடி வென்றவர் யார்? ஹொலண்டில் பூக்கள் வளர்க்கும் கண்ணாடி வீட்டில் அவளுக்கு வேலை இருந்தது. பாஷை பிடிபட்டு, கூட வேலை செய்தவர்களோடு சிரித்துப் பேசவும் பழகியிருந்தாள். பிள்ளைக்கு இங்கிலிஷ் படிப்பு வேணும் என்று சொல்லி அவளை லண்டனுக்குக் கிளப்பியவர் இவர்தான். இந்த வீடு வாங்கும்போது அவர் வயதைப் பார்த்து வங்கி கடன் தர மறுத்தது. சேர்த்து வைத்த உழைப்பெல்லாவற்றையும் முன்பணமாகக் கட்டி, வீட்டை யனுஷன் பேரில் எழுதினார்கள். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் செய்கிற காரியம்தானே. "பிள்ளை வேற, நாங்கள் வேறயோ?" என்றார் அவர். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அமெரிக்காவுக்கு அவள் முதலில் சம்மதிக்கவில்லை. முழங்கால் தேய்ந்துபோய், மாடிப்படி ஒவ்வொன்றுக்கும் முருகனைக் கூப்பிடுகிறவள் இனி எங்கே கடல் தாண்டுவது? "அங்க வீடுகள் பெரிசு கமலம். கீழயே உமக்கு ஒரு அறை எடுப்பம்" என்று அவர் சொல்லிச் சொல்லியே அவள் மனதைக் கரைத்தார். வீட்டை விற்க வேண்டும் என்றதும் அவரே ஏணி வைத்து ஏறிச் சுவருக்கெல்லாம் பெயின்ற் பூசினார். இரண்டு கிழமை தோள்வலி. அவள்தான் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

அப்பளம் எடுக்க மருமகள் தக்ஷிகா குசினிக்குள் வந்தாள்.

"பிள்ளை, இவையள் கத்தட்டும். எனக்கு எந்த மாநிலமெண்டாலும் சரி. கீழ ஒரு அறை இருந்தாப் போதும், என்ன?"

தக்ஷிகாவின் முகம் விழுந்துவிட்டது.

"மாமி... அவர் இன்னும் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"என்னத்தை?"

"இந்த விசாவில மனிசியைத்தான் கூட்டிக்கொண்டு போகலாம். தாய்தேப்பனுக்கு ஏலாது. விசிட்டில வந்து கொஞ்ச மாதம் நிக்கலாம், அவ்வளவுதான். வீடு வித்தாப்பிறகு உங்கள் ரெண்டுபேருக்கும் இங்கயே பிளேஸ்டோவில வாடகைக்கு ஒரு பிளட் வீடு பாத்து வைச்சிருக்கிறார். ஒரு அறை." அவள் கண் கலங்கிவிட்டது. "சொல்லுங்கோ, சொல்லுங்கோ எண்டு நான் நெடுகச் சொன்னனான் மாமி. மாமா சந்தோசமா வேலை செய்யிறார், வீடு வித்து முடியட்டும், பிறகு சொல்லுவம் எண்டவர்."

எண்ணெயில் கிடந்த அப்பளம் கருகியது. கமலாம்பிகை அடுப்பை அணைத்தாள். "முருகா" என்றாள். மகன் போவதற்காக அவள் அழவில்லை. பிள்ளைகள் போவார்கள், அது உலக நடப்பு. அந்தச் சுவரைப் பூசுவதற்கு முன்னால் ஒரு சொல், ஒரேயொரு சொல் சொல்லியிருக்கலாமே என்றுதான் நெஞ்சு எரிந்தது.

அம்பலவாணனுக்கு முன்னால் மட்டும் இது வெளிவரக் கூடாது. சாப்பாட்டைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, ஆறுதலாக மனிசனுக்குச் சொல்ல வேண்டும். இப்படி நினைத்துக்கொண்டு அவசரமாகப் பரிமாறினாள்.

ஆனால் வாதத்தில் இறங்கிய மனிசன் சோற்றைப் பார்ப்பாரா?

"தம்பி யனுஷன், நீயே சொல்லு இவருக்கு. கரோலினாவில வீடு பாக்கேக்க கீழ ஒரு அறை கட்டாயம்..."

"சாப்பிடேக்க என்ன கதை? நண்டு ஆறுது, சாப்பிடுங்கோ" என்று கமலாம்பிகை குறுக்கே விழுந்தாள்.

"பொறும். அம்மான்ர முழங்காலுக்குத்தான் தம்பி."

யனுஷன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பா, நாங்கள் நியூஜேர்சியில இடம் எடுத்திட்டம். போன கிழமை சைன் பண்ணியாச்சு. ரெண்டு அறை அப்பார்ட்மென்ற்."

ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு கணம் தடுமாறினார். பிறகு, கிடைத்ததில் திருப்திப்படும் பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது. "நியூஜேர்சியும் பரவாயில்லை. கோயில் கிட்ட. ரெண்டு அறை காணும்தானே. உங்களுக்கு ஒண்டு, எங்களுக்கு ஒண்டு."

"மற்றது எனக்கு வேலை செய்ய, அப்பா." அவன் இப்போதுதான் நிமிர்ந்தான். "விசா அப்படி. உங்களைக் கூட்டிக்கொண்டு போகேலாது. நான் என்ன செய்ய?"

தக்ஷிகா தலை குனிந்துகொண்டாள். ஸ்ரீஸ்கந்தராஜாவின் காதுமடல் சிவந்தது. பிறகு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கமலாம்பிகைக்குக் கண் கூசியது.

"அது எனக்குத் தெரியும்தானே! நான்தான் இவனுக்குச் சொன்னனான் அம்பலவாணன், இந்த வயசில எங்களுக்கு அமெரிக்கா சரிவராது எண்டு."

சோற்றைப் பிசைந்த கை பிசைந்துகொண்டேயிருந்தது. வாய்க்குப் போகவில்லை.

கமலாம்பிகை மகனைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"விசா நீ போட்ட சட்டமில்லை, அது எனக்கு விளங்குது. அப்பா இந்தச் சுவரைப் பூசேக்க நீ கீழ நிண்டு ஏணியைப் பிடிச்சனி. அப்பவும் உனக்கு இது தெரியும், என்ன?"

"அம்மா, ஆக்களுக்கு முன்னால..."

"ஆக்கள் இருக்கிறபடியாத்தான் இவ்வளவோட விடுறன்."

அவன் கையைக் கழுவிவிட்டு மேலே ஏறிப்போய்விட்டான். படிகள் ஒவ்வொன்றாக அதிர்ந்தன.

வேறு யாராவது என்றால் ஒரு சாட்டுச் சொல்லி எழுந்து போயிருப்பார்கள். அம்பலவாணன் சற்று முன்தான் சோறு போதும் என்று கையால் மறித்திருந்தார். அவருக்கு நீரிழிவு, ஒரு கரண்டி சோறு கூடினாலும் மகள் தொலைபேசியில் ஏசுவாள். அந்த மனிதர் சோற்றுக் கோப்பையை நீட்டினார்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ." பிறகு நண்பரின் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் சொல்லுறதுதான் சரிபோல. ரெக்சாஸ் வெயில் மனிசருக்கு ஆகாது. போனமுறை போய் நான் வெளியால இறங்கவேயில்லை, வெக்கத்தில சொல்லாமல் விட்டனான்."

இத்தனை வருஷத்தில் சீட்டாட்டத்தில்கூட அவர் தோற்றதை ஒப்புக்கொண்டதில்லை. கமலாம்பிகை சோற்றை அள்ளிப் போட்டாள். கடவுள் வந்து அநியாயத்தை மறிக்கவில்லை. ஆனாலும், வேண்டாத சோற்றைக் கேட்டு வாங்குகிற ஒருவரை அவர் இந்த மேசையில் முன்கூட்டியே இருத்தி வைத்திருக்கிறார்.

"அதுசரி அண்ணை, உங்கட கரோலினாவில நண்டு கிடைக்குமோ?"

ஸ்ரீஸ்கந்தராஜா கோப்பையில் கிடந்த நண்டுக் காலைப் புரட்டினார். அம்பலவாணன் அவசரப்படுத்தவில்லை.

"கிடைக்கும்" என்றார் கடைசியில். "நீல நண்டு. கரைப்பக்கம் போனா... தாராளமாக் கிடைக்குமாம்."

"எங்கட நண்டு மாதிரியோ?"

"அதைவிடச் சின்னன். ஆனா..." குரல் உடைந்தது. இடது புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ருசியாம்."

எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகே சாப்பிடுகிறவள் கமலாம்பிகை. அன்று மகன் விட்டுப்போன கதிரையை இழுத்து, கணவருக்குப் பக்கத்தில் இருந்தாள். தக்ஷிகா எழுந்து வந்து மாமியாருக்கு ஒரு கோப்பை வைத்து, நண்டின் சதைப்பிடிப்பான காலாகப் பார்த்து எடுத்துப் போட்டாள்.