செட் ஆன சைலன்சர்

காலையில் மோகன்ராஜ் எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தினான். கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சினான். காபி குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். தேய்த்து வந்த சட்டைகளில் மேலாக இருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டான். ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் போட்டான். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கினான்.

தமிழினி போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கல்யாணமாகி மூன்று வருஷம்கூட முடியவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தவளை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டி வர முடியவில்லை. அதற்குப் பிறகு எல்லாக் காலையும் இதே காலைதான். 'எப்படி இருக்கே?' என்று கேட்பவர்களிடம் 'இருக்கேன்' என்பான். பொய் இல்லை. அதற்கு மேல் சொல்லவும் ஒன்றும் இல்லை.

கீழே புல்லட் நின்றது. டீகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, ஆம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, ஒரு உதை. வண்டி கிளம்பியது. வழக்கமாக அந்த நேரத்தில் வீட்டுக்கார அம்மா கங்கையம்மாள் வீட்டில் டிவி அலறும். அன்று ஏனோ அலறவில்லை. அதனால்தான் அவன் காதில் விழுந்தது.

சத்தம் சரியில்லை.

ஏறி உட்காரப் போனவன் நின்றான். ஆக்சிலரேட்டரைத் திருகினான். தகரத்தில் சரளைக்கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு கரகரப்பு. விட்டதும் 'டப் டப்' என்று வெடித்தது. இது நேற்று வந்த கோளாறு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. அவன்தான் கேட்கவில்லை.

ஏன்?

அந்தக் கேள்வி மனதுக்குள் வந்ததே அவனுக்கு விசித்திரமாக இருந்தது. ஒன்றைப் பார்த்து 'ஏன்' என்று கேட்டு மாதக்கணக்காகிவிட்டது.

மெக்கானிக்கல் படித்துவிட்டு நாவலூரில் சாஃப்ட்வேர் எழுதுகிறவன் அவன். படித்த படிப்புக்கும் அவனுக்கும் மிச்சமிருந்த ஒரே ஒட்டுறவு இந்த வண்டிதான். கல்யாணத்துக்கு முன்பே கம்பெனி சைலன்சரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, குட்டையான 'ஷார்ட் பாட்டில்' ஒன்றை மாட்டினான். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் செய்வித்து, பல்லாவரத்தில் விற்கிறவன் காஜா. மோகன்ராஜோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

புதிதில் அந்தச் சத்தம் ஊரைக் கூட்டியது. அது பிடித்துத்தான் மாட்டினான். ஆனால் கல்யாணமாகிச் சில மாதங்களில் ஒரு அதிசயம் நடந்தது. சத்தம் தானாகவே பதமாகியது. கரகரப்பு போய், அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு கனம் வந்தது. காஜாவை வரவழைத்துக் கேட்கச் சொன்னான். "செட் ஆயிடுச்சு மச்சான்," என்றான் பெருமையாக. காஜா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு அதை அப்படியே தொழிலாக்கிக்கொண்டான். அன்றிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "மூணு மாசம் ஓட்டு. தானா செட் ஆவும். ஆனா பிரிக்கக் கூடாது. பிரிச்சா செட்டு பூடும்," என்று சொல்லித்தான் விற்றான்.

செட் ஆனது எப்படிக் கெடும்?

மேடவாக்கம் தாண்டி நாவலூர் வரை அதையே யோசித்துக்கொண்டு போனான். தமிழினி போனபின் வீட்டில் ஒவ்வொன்றாக எல்லாமே மாறிவிட்டன. திரைச்சீலையை யாரோ மாற்றினார்கள். அவள் புடவைகளை அவள் அம்மா எடுத்துப் போனார். இந்தச் சத்தம் ஒன்றுதான் அப்படியே இருக்கிறது என்று எண்ணியிருந்தான். இதுவும் போனால் பிறகு ஒன்றும் இல்லை. அது திரும்ப வேண்டும். அதே சத்தம். வேறு எதுவும் வேண்டாம்.

சனிக்கிழமை காஜாவின் கடைக்குப் போனான். அங்கே ஏற்கெனவே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. ரயில்வேயில் வேலை பார்க்கும் சுவிசேஷமுத்து இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"மூணு மாசம்னே. வருஷம் ஒண்ணு ஓடிப்போச்சு. இன்னும் செட்டும் ஆவல, கிட்டும் ஆவல. எங்க தெரு நாய்ங்கதான் செட் ஆயிருக்கு. இப்ப கொலைக்கறதில்ல."

"சார், நீங்க ஓட்டற ஓட்டு அப்படி. ஸ்டேஷனுக்கும் வூட்டுக்கும் ஓட்டினா எப்படி செட் ஆவும்? தோ, வர்றான் பாருங்க என் ஃப்ரெண்டு. அவன் வண்டிய கேளுங்க."

கேட்டார்கள். வண்டி 'டப் டப்' என்று வெடித்தபடி வந்து நின்றது.

"இதுதான் செட்டா?" என்றார் சுவிசேஷமுத்து.

காஜாவின் முகம் சுருங்கியது. "இன்னா மச்சான், பேஜார் பண்ணிட்ட? இன்னா ஆச்சு?"

"அதான் தெரியல. வந்தேன்."

முதலில் கார்ப்புரேட்டர் மேல் பழி போட்டான் காஜா. பெட்ரோல் விடும் ஜெட்டை மாற்றினான். வெடிப்பு கொஞ்சம் குறைந்தது. கரகரப்பு குறையவில்லை. பிறகு எஞ்சினில் குழாய் சேருகிற இடத்தில் கசிவு என்றான். மோகன்ராஜ் ஈரத்துணியை அங்கே சுற்றிப் பிடித்துப் பார்த்தான். சத்தம் மாறவில்லை. கசிவு இல்லை. தப்பு சைலன்சருக்குள்ளேதான்.

"புதுசு ஒண்ணு மாட்டிக்க. உன்கிட்ட துட்டா கேக்கப் போறேன்?"

"புதுசு வேணாம். பழைய சத்தம் வேணும்."

"அப்ப பிரிக்கணும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரித்தால் செட் போய்விடும் என்பது அவர்களே கட்டிய கதை. மூன்று வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, அவர்களே அதை நம்பியும் விட்டார்கள். மோகன்ராஜுக்குப் பயமாக இருந்தது. உள்ளே ஏதாவது மிச்சம் இருந்து, அதுவும் கையோடு வந்துவிட்டால்? ஆனால் உள்ளே என்னதான் இருக்கிறது என்ற ஆவல் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"பிரி," என்றான்.

ஷார்ட் பாட்டிலின் வால்பக்கம் அடியில் ஒரே ஒரு போல்ட். அதைக் கழற்றினால், துளை போட்ட உள்குழாய் மொத்தமாக வெளியே வந்துவிடும்.

"பத்து நம்பர் ஸ்பேனர், புடி," என்று நீட்டிய காஜா, கையைப் பின்னுக்கு இழுத்தான். "பாத்துக்கங்க சார், இது என்னோடது. முன்னாடி இவன் ஸ்பேனர் காணாம போச்சுன்னு என்ன திருடன்னு சொன்னான்."

"திருடன்னு சொல்லல. எடுத்தியான்னு கேட்டேன்."

"அதுக்கு இன்னா அர்த்தமாம்?"

மோகன்ராஜ் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான். போல்ட்டின் தலை தேய்ந்திருந்தது. வண்ணம் போய், முனைகள் மழுங்கி, பலமுறை கழற்றி மாட்டிய போல்ட் போல் இருந்தது.

"காஜா, நீ இத எப்பவாவது கழட்டினியா?"

"அல்லா மேல சத்தியமா தொடல. நானே பிரிக்காதன்னு சொல்றவன்."

"நானும் தொடல."

போல்ட் சுலபமாக வந்தது. உள்குழாயை இழுத்தான். கரி பிடித்த குழாய். அதைச் சுற்றியிருந்த, சத்தத்தை அடக்கும் கண்ணாடிப் பஞ்சு எப்போதோ எரிந்து போயிருந்தது. குழாயோடு சேர்ந்து துருப்பிடித்த கம்பிச் சுருள் கொஞ்சம் வெளியே வந்து விழுந்தது. காஜா அதைச் சைலன்சர் உடைந்த துண்டு என்றான். மோகன்ராஜ் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். மெல்லிய தட்டைக் கம்பி, ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டது. தொட்டால் பொடிந்தது. சைலன்சரில் இப்படி எதுவும் கிடையாது. ஆனால் இதை எங்கோ பார்த்திருக்கிறான்.

சுவிசேஷமுத்துதான் சொன்னார். "தம்பி, இது பாத்திரம் தேய்க்கிற ஸ்கிரப்பர்."

காஜா சிரித்தான். "செட்டு செட்டுன்னு இதத்தான் சொல்லிக்கினு இருந்தமா? இனிமே ஸ்கிரப்பர் வச்சே வித்துடலாம் சார்." சொல்லிக்கொண்டே வந்தவன் மோகன்ராஜின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

மோகன்ராஜ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கம்பிச் சுருள் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் கரகரப்பு போய்க் கனம் வந்தது. ஆனால் அந்தச் சூட்டில் ஸ்கிரப்பர் தாங்காது. எரிந்து, துருப்பிடித்து, பொடியாகிப் பறந்துவிடும். அப்படியென்றால் ஒருமுறை வைத்தது போதாது. யாரோ திரும்பத் திரும்ப வைத்திருக்கிறார்கள். அப்புறம் வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எப்போது நிறுத்தினார்கள்?

குழாயை மறுபடி உள்ளே தள்ளி, போல்ட்டைக் கையாலேயே முடுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

சேலையூர் வந்து சேர்ந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனான். கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையைத் திறந்தான். தினமும் ஸ்பூனுக்காகத் திறக்கிற இழுப்பறைதான். கரண்டிகளுக்கு அடியில் பத்து நம்பர் ஸ்பேனர் கிடந்தது. அவனுடையது. அதை அங்கே எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, ஸ்பூனை எடுத்துக்கொண்டு மூடியிருக்கிறான். சமையலறையில் ஸ்பேனர் ஏன் என்று ஒருமுறைகூட அவனுக்குத் தோன்றியதில்லை.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு பாலித்தீன் பை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மொத்தமாக வாங்கிய ஸ்கிரப்பர்கள், பிரிக்காமல் இருந்தன. தமிழினி பாத்திரத்துக்குத் தேங்காய் நார்தான் போடுவாள். கம்பி போட்டால் எவர்சில்வர் கீறிவிடும் என்பாள்.

பையையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கங்கையம்மாள், அவன் கையில் இருந்ததைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அப்பாடா. இன்னிக்காவது தோணிச்சே உனக்கு."

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாம? டார்ச் புடிச்சதே நான்தான். உனக்குத் தெரியாதா இன்னா?" அவள் வியப்பு நிஜமாக இருந்தது. "அப்பாலயாவது அது உங்கிட்ட சொல்லியிருக்கும்னு நெனச்சேன்."

"எதுக்கு வச்சா?"

கங்கையம்மாள் வீட்டுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்து படுத்துகினு இருந்தாரு. உன் வண்டி கெளம்பறப்பல்லாம் தூக்கிவாரிப் போடும் அவருக்கு. நான் அந்தப் பொண்ணக் கூப்ட்டு, 'வண்டிய மாத்தச் சொல்லு, இல்லனா வேற வூடு பாருங்க'ன்னுட்டேன். கோவத்துல சொன்னதுதான். அது இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'அவருக்கு அந்தச் சத்தம்னா உசுருக்கா. மாத்தச் சொல்லாதீங்க. நான் பாத்துக்கறேன்'னு சொல்லிச்சு."

"அவளுக்கு எப்படிக்கா இது தெரிஞ்சது?"

"நீதானப்பா சொல்லிக்குடுத்தியாம். கல்யாணமான புதுசுல சைலன்சர் படத்தையெல்லாம் வரைஞ்சு காட்டி, உள்ள பஞ்சு வச்சா சத்தம் கொறையும், எடுத்தா ஏறும்னு. 'வேற பொண்டாட்டிங்ககிட்ட சினிமா கதை சொல்லுவாங்க, எனக்கு இந்தக் கதை'ன்னு சொல்லிச் சிரிக்கும்."

அவனுக்கு நினைவு வந்தது. வரைந்து காட்டினான். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். தூங்கிவிடுவாள் என்று நினைத்தான்.

"மொதல்ல ஒண்ணுதான் வச்சிது. 'ஒரேடியா கொறைச்சா கண்டுபுடிச்சிடுவாரு, மெதுவாத்தான் எறக்கணும்'னு சொல்லும். நீ ஞாயித்துக்கெழம கறிசோறு துன்னுட்டுக் கொறட்ட வுட்டுகினு இருப்பியே, அப்பத்தான். அப்பறம் நீயே வந்து எங்கிட்ட 'வண்டி செட் ஆயிடுச்சுக்கா'ன்ன. நான் உள்ள ஓடிப்போயி சிரிச்சேன். அது மாடில நின்னுகினு எனக்கு வாய்ல வெரல வச்சிக் காட்டுது."

அவள் சிரித்தாள். உடனே முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இப்ப ஒரு வருஷமா வூடே அதிருது. பொண்டாட்டிய பறிகுடுத்தவங்கிட்ட போயி சத்தத்தக் கொறைன்னு எப்படிச் சொல்றது? அதான் வாய மூடிக்கினு கீறேன்."

மோகன்ராஜ் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். போல்ட்டைக் கழற்றி உள்குழாயை உருவினான். ஸ்கிரப்பர் ஒன்றைப் பிரித்து இழுத்துக் குழாயைச் சுற்றினான். உள்ளே தள்ளி, மாட்டி, உதைத்தான். கரகரப்பு பாதிதான் போயிற்று.

"இன்னும் வை," என்றாள் கங்கையம்மாள், காதைச் சாய்த்துக்கொண்டு.

மறுபடி கழற்றினான். மறுபடி சுற்றினான். கை கரியானது. கம்பி விரலைக் கீறியது. இதே கீறல்களை அவள் விரல்களில் பார்த்திருக்கிறான். தேங்காய் துருவும்போது பட்டது என்றாள். அதையும் நம்பினான்.

உதைத்தான்.

கரகரப்பு இல்லை. வெடிப்பு இல்லை. அடிவயிற்றிலிருந்து வருகிற அந்தக் கனம்.

"இதான்," என்றாள் கங்கையம்மாள். "இதேதான்."

ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகிப் பிடித்தபடி நின்றான். ஆஸ்பத்திரியில் தமிழினி படுத்திருந்த அறை மாடியில் இருந்தது. ஜன்னலுக்கு நேர் கீழேதான் வண்டி நிறுத்தும் இடம். அவள் காய்ச்சலில் விழுந்தபின் ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. வண்டியை யாரும் பிரிக்கவில்லை. கடைசி நாள் சாயங்காலம் கஞ்சி ஃப்ளாஸ்க்கோடு அவன் மேலே ஏறிப் போனபோது, அவள் கண் மூடியே இருந்தது. வாய் மட்டும் அசைந்தது. குனிந்து கேட்டான். கேட்டதற்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஜுர வேகத்தில் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்றாள் நர்ஸ். அதன்பின் அவள் பேசவில்லை. மாமியார் வந்து, "கடைசியா என்னப்பா சொன்னா?" என்று அழுதபோது, "உங்களைத்தான் அத்தை கேட்டா," என்று சொல்லிவைத்தான். உளறலைப் போய் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டான்.

உளறல் இல்லை. காதில் விழுந்ததைத்தான் சொல்லியிருக்கிறாள்.

"வண்டிச் சத்தம் ஏறிப்போச்சுங்க. வீட்டுக்கு வந்ததும் நான் பாத்துக்கறேன்."