மூன்றாம் சரணத்தின் குரல்

எங்கள் சபையில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. எழுதி வைத்த சட்டமெல்லாம் இல்லை. ஆனால் ஒருவர் உயிரோடு இருக்கும்போது அவர் பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடிவிட்டால், அடுத்த ஞாயிறு அந்த ஆளுக்கு வணக்கம் சொல்லக்கூட நாதி இருக்காது. என்னுடையது ‘அக்கரையில் எனக்கொரு நாற்காலி’. நாற்பத்தொரு வருஷமாக, ஆகஸ்ட் மாதப் பெண்கள் ஞாயிறன்று, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துப் பிஸ்கா மலை சபையில் அதை நான்தான் பாடுகிறேன். வெர்டெல் டான்ரிட்ஜ் என்று பெயரைச் சொன்னால் யோசிப்பார்கள். நாற்காலி பாடுகிற அம்மா என்றால் தெருவில் போகிறவனும் வழி காட்டுவான்.

எனக்கு முன்னால் அது டாலி மே அம்மாவின் பாட்டு. எண்பது வயதிலும் விடாமல் பாடினார். பாடி இறங்கியதும் ஒவ்வொரு வருஷமும் என் கையைப் பிடித்து இறுக்குவார். அவர் மோதிரம் என் விரலில் பதிந்து ரெண்டு நாள் வலிக்கும். அவருடைய அடக்க ஆராதனையில் அதைத்தான் சொன்னேன். “அந்த அன்பை நான் எங்கே தேடுவேன்” என்று நான் உடைந்து அழ, சபையே அழுதது. அவர் மகள் அங்கேயே எழுந்து பாட்டை எனக்குக் கொடுத்துவிட்டாள்.

இப்போது எனக்கு எழுபத்தெட்டு. வீட்டில் பாத்திரம் கழுவும்போது முதல் வரியைத் தொட்டாலே இருமல்தான் வரும். ஆனால் சபையில் மைக் முன்னால் நின்றுவிட்டால், மூன்றாம் சரணத்தின் அந்த உச்ச இடத்தை அலுங்காமல் போய்த் தொட்டுவிட்டு வருவேன். கர்த்தர் கொடுக்கிறார் என்று நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? எழுந்து சாட்சியும் சொன்னேன். “வயசாச்சுன்னு வாயை மூடிக்காதீங்க. பாடுறவங்களுக்கு அவர் குரலைத் திருப்பிக் குடுக்குறாரு. என்னைப் பாருங்க!” சபை முழுக்க “ஆமென்!” என்றது. ஒண்ணாம் வகுப்பிலிருந்து என் கூடவே இருக்கும் லுபெர்த்தா எழுந்து நின்று கைதட்டினாள். கடைசி வரிசைக்குப் பின்னால் மைக் செட் பார்க்கும் என் மகன் கர்ட்டிஸ் தலையை ஆட்டினான்.

போன ஞாயிறுதான் இந்த வருஷத்துப் பெண்கள் ஞாயிறு. காலையிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. நான் மேடையேறியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆர்கன் முழங்க, பாடகர் குழு பின்னால் அசைந்தாட, முதல் இரண்டு சரணம் நன்றாகவே போனது. மூன்றாவதில் தலையை நிமிர்த்தி, கண்ணை மூடி, வாயைத் திறந்தேன். பக்கத்திலேயே ஒரு இடி. கரண்ட் போய்விட்டது.

ஆர்கன் செத்தது. ஒலிபெருக்கி செத்தது. மிச்சம் இருந்தது ரெண்டு சத்தம். ஒன்று என் வாயிலிருந்து வந்தது. துருப்பிடித்த கதவைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம். இன்னொன்று சரியாக என் முதுகுக்குப் பின்னாலிருந்து, ‘நாற்காலி’ என்ற சொல்லை உச்சியில் ஏந்திக்கொண்டு, தெளிவாக, திடமாக வந்தது. இத்தனை வருஷமாக நான் என்னுடையது என்று நினைத்திருந்த குரல்.

அரை வரி போன பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு உறைத்தது. சட்டென்று நிறுத்திவிட்டாள். திரும்பிப் பார்த்தேன். கியானா, உச்சக் குரல் பாடும் சோப்ரானோ வரிசையில் இருக்கும் பெண். கையில் ஒரு மைக். முகம் வெளிறிப் போயிருந்தது.

“நிதானமாப் பாடும்மா!” என்று லுபெர்த்தா கத்தினாள். “நிதானமாம்மா! உதவி செய்யும் ஆண்டவரே!” என்று எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் முகத்திலாவது ஆச்சரியம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கர்ட்டிஸ் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விடுவேனா? மிச்சத்தையும் பாடினேன். நாலாவதையும் ஐந்தாவதையும் அந்தத் துருப்பிடித்த தொண்டையிலேயே இழுத்து முடித்தேன். ஒரு கை உயரவில்லை. கைவிசிறிகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

ஆராதனை முடிந்து கீழ் மண்டபத்தில் சாப்பாடு. பொரித்த கோழித் தட்டோடு நின்ற கர்ட்டிஸை மூலைக்கு இழுத்தேன்.

“எத்தனை வருஷமாடா?”

“அம்மா, முதல்ல சாப்பிடேன்.”

“எத்தனை வருஷம்னு கேட்டேன்.”

“ஒன்பது. ஆரம்பத்துல மூணாவது சரணம் மட்டுந்தான். அப்புறம்… முழுசா.”

“என் மைக்கை அணைச்சிருவியா?”

“சேச்சே, அணைக்க மாட்டேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேக்குற மாதிரி வைப்பேன். நீதான் பாடுறேன்னு தெரியணும்ல.”

அவன் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி மேசையில் வைத்தேன். அதற்குள் லுபெர்த்தா வந்து என் தோளைத் தொட்டாள்.

“பையனைத் திட்டாதடி. உன்னை உக்காரச் சொல்ல எங்க யாருக்குமே மனசு வரல. அந்தப் பாட்டைப் புடுங்கிட்டா நீ போயிச் சேந்துருவியோன்னு பயம்.”

“அப்ப நான் சாட்சி சொன்னப்போ எந்திரிச்சு கைதட்டுனியே, அது?”

“அப்பவும் மனசு வரல.”

“என்னை அத்தனை பேர் முன்னால கோமாளியா நிக்க வைக்க மட்டும் மனசு வந்துச்சு!”

இந்தச் சபையின் வாசலை இனி மிதிப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் கியானா பாடகர் அங்கியைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“இன்னிக்கு ரொம்ப அழகாப் பாடுனீங்க, வெர்டெல் அம்மா.”

அத்தனை பேர் காதாலும் கேட்ட பிறகு, கண் இமைக்காமல் சொல்கிறாள். அவளை அறையலாம் போலிருந்தது. ஆனால் அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். இதே மண்டபத்தில், இதே குழைவோடு, அதை நானே ஆறு வருஷம் சொல்லியிருக்கிறேன்.

டாலி மே அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றவள் நான். அந்தக் காலத்தில் ஒரே ஒரு மைக். அதைக் கொஞ்சம் என் பக்கமாகத் திருப்பி வைப்பார்கள். மூன்றாம் சரணத்தில் அவர் வாயைத் திறப்பார், நான் பாடுவேன். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். இறங்கியதும் முதல் ஆளாக ஓடிப்போய், “இன்னிக்கு ரொம்ப அழகாப் பாடுனீங்கம்மா” என்பேன். அப்போதுதான் அவர் என் கையைப் பிடிப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். இறுக்குவார். நாற்பத்தொரு வருஷமாக அதை அன்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கியானாவின் கையைப் பிடித்தேன். இந்தக் கிழட்டு உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து, என் கல்யாண மோதிரம் அவள் எலும்பில் உரசும் வரை இறுக்கினேன். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“நானும் உங்க மேல உயிரையே வச்சிருக்கேம்மா” என்றாள்.