மாரிசெல்வி சொன்ன சாட்சி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மனைவி பாக்கியமணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மைதான், ஆனால் காரணமில்லாமல் வராது. செருப்பைக் கோணலாக விடுகிறவர்கள், கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாக வருகிறவர்கள், குழாயைச் சரியாக மூடாதவர்கள், இவர்களைக் கண்டால்தான் வரும். மும்பை அணுசக்தி நகரில் முப்பத்திரண்டு வருடம் டெக்னீசியனாக இருந்தவனுக்கு ஒழுங்கு இல்லாவிட்டால் சோறு இறங்காது. ரிடையரான பிறகு என் ஒழுங்கை இரண்டு இடங்கள் சகித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று, செம்பூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டி. அங்கே நான் செக்ரட்டரி. இன்னொன்று, தாராவியில் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த தமிழ்ச் சபை. அங்கேயும் நான்தான் செயலர். வேதமாணிக்கம் என்ற என் பெயர் இரண்டு நோட்டீஸ் போர்டுகளில் இருக்கிறது.

போன மார்ச்சில் சொசைட்டியின் கீழ்த்தளக் கழிப்பறைக்குப் புது டைல்ஸ் போட்டோம். வேலைக்கு வருகிறவர்கள் அதை அசிங்கம் பண்ணிவிடுவார்கள் என்று இரண்டு வீட்டார் சொன்னார்கள். அன்றைக்கே பெரிய பூட்டு ஒன்று வாங்கித் தொங்கவிட்டேன். சாவி என் வீட்டு ஆணியில். கட்டடத்துக்குக் குப்பை எடுக்க வரும் பெண்கள் இனி எங்கே போவார்கள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதையே அந்தப் பூட்டு திறக்குமா திறக்காதா என்பதுதான்.

நவம்பரில் சபையில் ஒரு விசேஷக் கூட்டம் வைத்தோம். யோசனை எங்கள் ஐயருடையது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். தமிழ்ப் பிராமணர்கள் நிறைந்த மாட்டுங்காவில் போய், "எங்க ஐயர் மீன் குழம்பு பிரமாதமா வைப்பார்" என்று சொல்லிவிட்டு நான் முழித்தது தனிக்கதை. ஐயர் கிறிஸ்துதாஸ் வயதில் சின்னவர். "ஏழைகளுக்காக ஜெபம் பண்ணுதோம், கிறிஸ்மஸுக்குப் போர்வை குடுக்கோம். அவங்க பேசி நாம ஒரு நாளாவது உக்காந்து கேட்டிருக்கமா?" என்று கமிட்டியில் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தலைப்பு, 'எளியவருக்கு நியாயம்'. ஃபிளெக்ஸ் அடித்து வாசலில் கட்டியவன் நான். நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்தவனும் நான். பாட்டு, ஜெபம், சாட்சி, செய்தி, நன்றியுரை. சாட்சிக்கு எதிரே ஐயர் கொடுத்த பெயரைப் போட்டேன்: சகோதரி மாரிசெல்வி, துப்புரவுப் பணியாளர். சபைக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருப்பவள், சபையைச் சேர்ந்தவள் அல்ல, தைரியமாகப் பேசுவாள் என்று ஐயர் சொல்லியிருந்தார். நன்றியுரை என்னுடையது. அதை நாலு நாள் முன்பே எழுதி, இஸ்திரி போட்ட சட்டைப் பையில் மடித்து வைத்துவிட்டேன்.

எங்கள் சபைகளில் சாட்சி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவர் எழுந்து, இப்படிக் கஷ்டப்பட்டேன், கடவுள் இப்படித் தூக்கிவிட்டார் என்று சொல்வார். நடுவில் கொஞ்சம் அழுவார். அவர் மூச்சு விடும் இடங்களில் எல்லாம் சபை "ஸ்தோத்திரம்" சொல்லும். சபைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கோ சாட்சி என்றால் கோர்ட். பிறந்ததிலிருந்து சபைக்குள்ளேயே வளர்ந்த எங்கள் ஐயருக்கு இது தோன்றவே இல்லை. நேரே அவள் வீட்டுக்குப் போய், "ஞாயித்துக்கிழமை எளியவருக்கு நியாயம்னு ஒரு கூட்டம். நீங்க வந்து சாட்சி சொல்லணும்மா" என்றிருக்கிறார். மாரிசெல்வி, புருஷன் லாரியில் அடிபட்ட வழக்கில் ஏற்கெனவே சாட்சிக் கூண்டு ஏறியவள். "யாரைப் பத்தியும் சொல்லலாமாய்யா?" என்று மட்டும் கேட்டாளாம். "யாரைப் பத்தியும் சொல்லுங்கம்மா, மனசுல உள்ளதைச் சொல்லுங்க" என்று ஐயர் ஆசீர்வாதம் செய்துவிட்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்துவிட்டது. நவி மும்பை சான்பாடாவிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். நான் டை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஐயர் பெயரைச் சொன்னதும், ஊதாச் சேலை கட்டிய ஒரு பெண் கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு எழுந்து வந்தாள். எங்கேயோ பார்த்த கண்கள் என்று தோன்றியது. கண்கள் மட்டும்தான். மீதி முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"சத்தியம் பண்ணணுமாய்யா?" என்று ஐயரிடம் கேட்டாள்.

"அதெல்லாம் வேண்டாம்மா. சும்மா சொல்லுங்க."

"பரவால்ல, பண்ணிட்டே சொல்லுதேன். நான் சொல்லப்போறது உண்மை. உண்மையைத் தவிர வேற ஒண்ணும் இல்ல."

"ஸ்தோத்திரம்!" என்று சபை முழங்கியது. எடுத்த எடுப்பிலேயே இப்படி ஒரு சாட்சியா என்று எனக்கும் நிறைவாக இருந்தது.

"என் பேரு மாரிசெல்வி. வயசு நாப்பத்திரண்டு. செம்பூர்ல ஒரு சொசைட்டியில மூணு வருசமா குப்பை கச்சரா எடுக்கேன். ரெண்டு விங், எட்டு மாடி."

"ஸ்தோத்திரம்."

எங்கள் கட்டடமும் ரெண்டு விங், எட்டு மாடிதான். செம்பூரில் அப்படி நூறு இருக்கும் என்று காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தேன்.

"காலையில ஆறு மணிக்குப் போனா முடிக்கப் பன்னெண்டு ஆவும். கீழ எங்களுக்குப் போக ஒரு சண்டாஸ் உண்டு. மார்ச் மாசம் நாலாம் தேதி, செவ்வாக்கிழம, அதைப் பூட்டிட்டாக."

நீட்டிய காலை மடக்கிக்கொண்டேன்.

"அதுக்குப் பெறவு எங்களுக்குப் போக எடம் இல்ல. ஸ்டேசன் பக்கம் போணும். போக வர அரை மணி நேரம். ஆளைக் காணோம்னா சூப்பர்வைசர் கத்துவாரு. அதனால தண்ணி குடிக்கதை விட்டுட்டோம். எந்திரிச்சதுல இருந்து மத்தியானம் வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது. மே மாசம் வெயில்லயும் கிடையாது."

இந்தத் தடவை யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. மாரிசெல்வி அழவும் இல்லை. தேதி தேதியாகச் சொல்லிக்கொண்டே போனாள். சாட்சி அழக்கூடாது, பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்று வக்கீல் பழக்கியிருந்தாராம். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு மெலிந்த பெண்ணைக் கையைக் காட்டி எழுந்து நிற்கச் சொன்னாள்.

"இவ முருகம்மா. என்கூட வேலை செய்யுதா. ஜூலை மாசம் நீர்க்கடுப்பு முத்திக் காய்ச்சல் வந்து ஒம்பது நாளு ஆஸ்பத்திரியில கெடந்தா. டாக்டரு, ஏம்மா தண்ணியே குடிக்கதில்லையான்னு கேட்டாரு. இந்தா ஆஸ்பத்திரிக் கேஸ் பேப்பர். இந்தா போன்ல பூட்டோட போட்டோ." ஃபைலையும் போனையும் ஐயர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். "பூட்டுனது யாருன்னு ஆளையும் காட்டணும்லா?"

கை நீண்டது. "இந்தா, டை கட்டி உக்காந்திருக்காகளே. இவுகதான்."

"ஸ்தோத்திரம்!" என்றார் கடைசி வரிசையில் காது கேளாத ஒரு பெரியவர், பழக்கதோஷத்தில்.

உள்ளே நுழைந்ததுமே அவள் என்னைப் பார்த்துவிட்டாளாம். சபைக்காரர்கள் எதிராளிக்கும் சம்மன் அனுப்பி முதல் வரிசையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள், நல்ல ஒழுங்கான கோர்ட்தான் என்று நினைத்தாளாம். இதை அவளே பிறகு சொன்னாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன். நான் அடித்த நிரல், நான் கட்டிய ஃபிளெக்ஸ், அதிலேயே என்னைக் கூண்டில் ஏற்றுவதா? பக்கத்தில் பாக்கியமணியைப் பார்த்தேன். "டைல்ஸ் காயுததுக்குப் பூட்டுனேன்னுல்லா சொன்னீய?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். அதற்குப் பிறகு எனக்குக் கோபப்பட முகம் இல்லை.

ஐயர் மைக்குக்கு வந்தார். "ரொம்ப நன்றி சகோதரி. உக்காருங்க."

மாரிசெல்வி உட்காரவில்லை. "தீர்ப்பு எப்பம்யா?"

"தீர்ப்பா?"

"வாசல்ல நியாயம்னு எழுதிப் போட்டிருக்கியளே. சாட்சி சொல்லியாச்சு, எதிராளியும் இங்கயே இருக்காரு. இன்னொரு தேதி மட்டும் போட்றாதீய. கோர்ட்டுல பதினேழு தேதி போட்டாக. எனக்கு ஞாயித்துக்கிழம மட்டுந்தான் லீவு."

எங்கே பிசகியது என்று ஐயருக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கும் புரிந்தது. அவர் சிரித்துக்கொண்டே, இது அந்தச் சாட்சி இல்லையம்மா, வேறு சாட்சி என்று ஒரு வார்த்தை விளக்கியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் விளக்கவில்லை. நிரலில் அடுத்தது அவருடைய செய்தி, அதாவது பிரசங்கம். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் தயாரித்திருப்பார். அதை அப்படியே விட்டுவிட்டு, "அடுத்ததா நம்ம சபைச் செயலர் பேசுவார்" என்று சொல்லி மைக்கை விட்டு நகர்ந்தார்.

நடந்து போனேன். மைக்குக்கு எதிரே நின்று பையிலிருந்து நன்றியுரையை எடுத்தேன். எளியோரின் குரலைக் கேட்கக் கூடிவந்த அனைவருக்கும் என்று முதல் வரி. அதைப் படிக்க வெட்கமாக இருந்தது. பிள்ளைப் பிராயத்துக்குப் பிறகு அப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை.

"இந்தம்மா சொன்னது நெசம்" என்றேன். "நான்தான் பூட்டினேன். மூணு வருஷமா முகத்துல துணியைக் கட்டிக்கிட்டு என் வீட்டுக் குப்பையை எடுக்காங்க. பேரு கேட்டதில்லை. பேரை நிரல்ல அடிச்சப்பகூட யாருன்னு தெரியலை. தப்பு என்னுது. நாளைக்குத் திறந்துருதேன்."

"எழுதிக் குடுங்க" என்றாள் மாரிசெல்வி. "வாயால சொன்னா நிக்காதுன்னு வக்கீல் சொல்லிருக்காரு. நாளைக்கு வேண்டாம், இன்னைக்கே."

நன்றியுரையைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன். அவள் வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, "தேதி போடல்லியே" என்று திருப்பி நீட்டினாள். ஊருக்கெல்லாம் ஒழுங்கு சொல்லும் நான் தேதி போட மறந்திருந்தேன். பின் வரிசையில் யாரோ சிரிக்க, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தேதியைப் போட்டேன். "கீழ சாட்சிக் கையெழுத்து ரெண்டு வேணும்" என்றாள். ஐயர் முதலில் போட்டார். பாக்கியமணி என் பேனாவைப் பிடுங்கி இரண்டாவது போட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மூன்றாவதாக ஒருவர் எழுந்து வந்தார், பிறகு அவர் மனைவி, பிறகு ஒரு வரிசையே வந்தது. இடம் போதாமல் முன்பக்கத்து நன்றியுரையின் மேலேயே கையெழுத்துப் போட்டார்கள்.

அங்கிருந்து நேரே என் காரில் செம்பூருக்குப் போனோம். பாக்கியமணி முன்னால், இரண்டு பெண்களும் பின்னால். மாடிக்கு ஓடிச் சாவியை எடுத்து வந்தபோது, கழிப்பறை வாசலில் எங்கள் சொசைட்டி சேர்மன் வேங்கடசுப்ரமணியன் காய்கறிப் பையோடு நின்றிருந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து இங்கே வந்தவர்.

"என்ன ஸார், கமிட்டில ஒரு வார்த்தை பேசாம திறக்கறேள்? நீங்கதானே பூட்டணும்னு ஒத்தைக்கால்ல நின்னேள்?"

காகிதத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "தமிழ்லயா இருக்கு? நன்னாப் பேசுவேன் ஸார், படிக்கத்தான் வராது."

மாரிசெல்வி அவர் கையிலிருந்து வாங்கினாள். ஊரில் எட்டாவது வரை படித்தவளாம். சபையில் பேசிய அதே குரலில் ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள்: வேலை செய்ய வருகிறவர்கள் போகவேண்டிய கழிப்பறையை நான் பூட்டியது அநியாயம், அதனால் ஒரு பெண் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், இனி அது பூட்டப்படாது. வேங்கடசுப்ரமணியன் முருகம்மாளைப் பார்த்தார்.

"ஒன்பது நாளா?"

"ஆமாய்யா" என்றாள் முருகம்மாள்.

அவர் பையைக் கீழே வைத்தார். "பேனா இருக்கா ஸார்?" என்று வாங்கி, இருந்த ஒரு மூலையில் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டார்.

பூட்டைக் கழற்றினேன். "நீ போக்கா முதல்ல" என்றாள் மாரிசெல்வி. முருகம்மாள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மனசு நிறைந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் சேர்மனும் கைகட்டி நின்றிருந்தார். ஏதோ ஆராதனையில் நிற்பதுபோல் இரண்டு பேரும் அசையாமல் நின்றோம்.

"என்னய்யா இது?" என்றாள் மாரிசெல்வி. "ஆம்பளைய ரெண்டு பேரு வாசல்ல காவல் நின்னா, உள்ள அவ எப்பிடி இருப்பா? அங்கிட்டுப் போங்க."

நானும் சேர்மனும் கேட் வரைக்கும் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம்.