ஷெல்பிக்கு எடுத்தது எந்த வலி

1

இந்தக் கதையைத் தேடி நான் எங்கும் போகவில்லை. சூப் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதுவாக வந்து வரிசையில் நின்றது.

இந்தத் தீவுக்கு நான் வாக்கப்பட்டு வந்து ஒரு மாமாங்கத்துக்கு மேல் ஆகிறது. மறுகரைக்குப் போய்வரும் ஃபெரியில் கேன்டீன் என் பொறுப்பு. தீவில் பிரசவம் பார்ப்பதில்லை, அதற்கான ஆஸ்பத்திரி மறுகரையில். அதனால் நிறைமாத வயிறுகள் எல்லாம் என் கண்ணெதிரேதான் கடலைத் தாண்டும்.

போன வாரம் ஷெல்பியின் வயிறும் தாண்டியது. ஹாரன் அடித்துக்கொண்டே அவள் கார் வந்தது, கேப்டன் ஃபெரியை நிறுத்திவைத்தார், எல்லோரும் அலறியடித்துக்கொண்டு வழிவிட்டோம். மறுநாள் அதே வயிற்றோடு திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"பொய் வலியாம்" என்றாள்.

பின்னால் நின்ற எல்வுட் சும்மா இருப்பாரா? ஷெல்பியின் கணவன் டேரிலைப் போல அவரும் சிங்கி இறால் பிடிப்பவர்தான், வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். "என்னம்மா, உம் பிள்ளை ரிட்டர்ன் டிக்கெட் எடுத்திருந்ததா?"

வரிசையே சிரித்தது. ஷெல்பியும் சிரித்தாள். ஆனால் வாங்கிப்போன சூப்பை அவள் தொடவில்லை. அதைக் கொட்டிக் கழுவும்போதுதான் எனக்கு எழுதத் தோன்றியது.

2

முதல் தொடக்கம்: "கூடு இறக்கும் நாளன்று காலை ஷெல்பிக்குப் பிரசவ வலி எடுத்தது. அவள் உடனே—"

நிறுத்திவிட்டேன். அது பிரசவ வலி என்று எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரிந்துபோயிற்று. அவளுக்குத் தெரியாதே! தெரியாததுதானே இங்கே பாடு.

இரண்டாவது தொடக்கம்: "பொய் வலி நடந்தால் அடங்கும், உட்கார்ந்தால் அடங்கும், தண்ணீர் குடித்தால் அடங்கும். நிஜ வலி எதற்கும் அடங்காது. விட்டுவிட்டு வரும், வரவர நெருங்கி வரும், இறுக்கிப் பிடிக்கும். பனிக்குடம் உடைந்தாலோ—"

இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருப்பது. அத்தனையும் உண்மை. ஆனால் சுவரைக் கொண்டுவந்து கதையில் நிறுத்தினால் யார் படிப்பீர்கள்?

[இடையில் ஒன்று. போன வாரப் பொய் வலி முன்வயிற்றில் வந்தது, வயிறு கல் மாதிரி இறுகியது. அதனால் வலி என்றால் முன்னால்தான் வரும் என்று ஷெல்பியின் மனதில் பதிந்துவிட்டது. நிஜமானது முதுகுக்குக் கீழே, இடுப்பில் ஆரம்பித்தது. அப்படியும் வரும் என்று அந்தச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. நாம் யார்தான் சுவரை முழுக்க வாசிக்கிறோம்?]

3

மூன்றாவது தொடக்கம் நிற்கிறது. இனி கதை.

கூடு இறக்கும் நாள் என்பது சிங்கிப் பருவம் திறக்கும் நாள். விடிந்ததும் அத்தனை படகும், சிங்கி பிடிக்கக் கடலில் இறக்கும் கூடுகளைக் கூரைக்கு மேல் அடுக்கிக்கொண்டு கிளம்பும். யார் முந்துகிறாரோ அவருக்கு நல்ல இடம், நல்ல இடம் கிடைத்தவருக்கு நல்ல குளிர்காலம். குடும்பமெல்லாம் துறையில் நின்று கையசைக்கும். ஒரு கட்டுப்பாடு உண்டு: அன்று கிளம்பிய படகை யாரும் திரும்பக் கூப்பிடக் கூடாது. வாசலைத் தாண்டியவரைப் பின்னாலிருந்து கூப்பிடாதே என்று நாம் சொல்வோமே, அதேதான். இங்கே டீசல் செலவும் சேரும்.

டேரில் கயிற்றை அவிழ்க்காமல் நின்றான்.

"போகட்டுமா, வேண்டாமா? இப்பவே சொல்லிடு ஷெல்பி."

"போ. முதுகுதான் பிடிச்சிருக்கு. நேத்து முழுக்கக் குனிஞ்சு இரை அடைச்சா வேற என்ன வரும்?"

"நிஜமா?"

"இந்த வாரம் தீவுல யாருக்கு முதுகு வலிக்கல? போவியா, சும்மா நின்னுக்கிட்டு!"

அவள் பொய் சொல்லவில்லை. கூடு தூக்கித் தூக்கி அந்த வாரம் தீவுக்கே இடுப்பு ஒடிந்திருக்கும். பார்க்கிறவரெல்லாம் இடுப்பில் கைவைத்துக்கொண்டுதான் குசலம் விசாரிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இவள் வலியும் கலந்துவிட்டது. டேரில் கையசைத்தான், அவளும் அசைத்தாள். படகு தீவின் முனையைத் தாண்டியதும் துறைக் கம்பத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

4

இப்போது மார்னி வர வேண்டும். டேரிலின் அக்கா, ஷெல்பிக்கு நாத்தனார்.

[முதல் பிரதியில் இவளைப் பொல்லாதவளாக எழுதியிருந்தேன். நாத்தனார் என்ற சொல் வந்ததுமே பேனா அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது, என்ன செய்ய? அடித்துவிட்டேன். இன்னொன்று: இங்கே யாரும் யாரையும் அக்கா என்பதில்லை, வெறும் மார்னிதான். தமிழில் அப்படி எழுதினால் இருவரும் சண்டை போடுவது போலிருக்கிறது. அதனால் அக்கா என்றே போடுகிறேன்.]

இரைக் கொட்டகையில் இருவரும் எதிரெதிரே நின்று உப்பில் ஊறிய ஹெர்ரிங் மீனைச் சின்ன வலைப்பைகளில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். படகுகள் இரண்டாம் நடைக்கு வரும்போது இரை தயாராக இருக்க வேண்டும்.

"அந்த நர்ஸ் என்ன சொன்னா தெரியுமா அக்கா? வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கு, அப்புறம்—"

ஷெல்பி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம்?"

மார்னி இன்னொரு பையை அடைத்து முடித்த பிறகுதான் பதில் வந்தது. "அப்புறம் வெந்நீர்ல குளின்னா."

பேச்சு எங்கெங்கோ போனது. பிள்ளைக்கு என்ன பெயர் என்பதில் வந்து நின்றது.

"நான் டேரில்கிட்ட சொல்லிட்டேன், உங்கக்கா சொல்ற பேரு எதுவுமே—"

மார்னி கையிலிருந்த மீனைக் கீழே போட்டாள்.

"ஏண்டி, நீ வாயே மூடாதவ. காலையிலேர்ந்து ஒரு பேச்சையும் முடிக்க மாட்டேங்கற!"

"மூச்சு வாங்குதுக்கா."

"எனக்கும்தான் வாங்குது. நான் பேச்சை நிறுத்தினேனா? கொஞ்சம் நட."

நடந்தாள். தண்ணீர் குடித்தாள். கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்த இடத்திலும் தேடிக்கொண்டு வந்தது, இடுப்பில் கிளம்பி முன்னால் சுற்றிவந்து இறுக்கியது. கழிவறைக்குப் போய்விட்டு முகம் வெளுத்துத் திரும்பினாள்.

"அக்கா, சளி மாதிரி பட்டிருக்கு. ரத்தம் கலந்து."

"அப்போ முதுகு வலியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. டேரிலைக் கூப்பிடு."

5

இதை எழுதும்போதுதான் கவனித்தேன், நானும் எத்தனை வாக்கியங்களை நடுவில் விட்டிருக்கிறேன்! எனக்குக் காரணம் பாதி குழப்பம், பாதி சோம்பல். அவள் உடம்புக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. பேசிக்கொண்டிருக்கும் பெண் பேச முடியாமல் நின்றால் அது நிஜ வலி என்று சுவரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம்.

6

"கூப்பிட மாட்டேன்" என்றாள் ஷெல்பி.

"பைத்தியமா உனக்கு?"

"மறுபடியும் பொய்யாப் போச்சுன்னா? அவன் இடம் போயிடும்க்கா. இந்தக் குளிர்காலமே போயிடும். அந்த எல்வுட் சாகிற வரைக்கும் சொல்லிச் சிரிப்பாரு. நாம ரெண்டு பேரும் ஃபெரியில போயிடலாம்."

"போகலாம், ஃபெரிக்கு இன்னும் நேரம் இருக்கு. அவன் பக்கத்துல இல்லாம பெத்துக்க உனக்குச் சம்மதமா? அதைச் சொல்லு முதல்ல."

ஷெல்பி அழுதுவிட்டாள். சம்மதமில்லை. அவன் வேண்டும், அவன் கை வேண்டும். பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது.

முனைக்கு அப்பால் செல்போன் எடுக்காது. கொட்டகைச் சுவரில் வயர்லெஸ் இருந்தது. அதில் ஒருவர் பேசினால் அத்தனை படகும் கேட்கும். பேசுகிறவர் பொத்தானை விடும்வரை வேறு யாரும் குறுக்கே பேச முடியாது. ஷெல்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"டேரில், எனக்கு—"

வந்துவிட்டது. கை பொத்தானோடு சேர்ந்து இறுகிக்கொண்டது. கடலில் இருந்த ஒவ்வொரு படகும் அவள் மூச்சைக் கேட்டது, பசு முனகுவது போன்ற அந்த நீண்ட முனகலைக் கேட்டது, "மூச்சை விடுடி, மெதுவா விடு, இதோ போயிடும்" என்று மார்னி சொல்வதைக் கேட்டது. வலி தணிந்த பிறகே விரல் தளர்ந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

முதலில் வந்தது எல்வுட்டின் குரல். "ஷெல்பி, இது பொய் இல்லம்மா. எங்க வீட்டுல இந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கேன்." கொஞ்சம் இரைச்சல். "டேரில், காதுல விழுதா? உன் இடத்துல நான் கூடு இறக்க மாட்டேன். அது உனக்குத்தான்."

"நானும் இறக்கல" என்றது இன்னொரு குரல்.

"நானும்."

பின்னாலேயே இன்னும் சில குரல்கள் வந்தன. டேரிலின் குரல் மட்டும் வரவில்லை.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் டேரில் படகைத் திருப்பி, ஃபெரி கிளம்பும் நேரத்தில் ஓடிவந்து ஏறுகிறான். நன்றாகத்தான் இருக்கிறது, சினிமா மாதிரி. இன்னொன்றில் பிள்ளை அந்தக் கொட்டகையிலேயே பிறக்கிறது. அந்த ஹெர்ரிங் நாற்றத்தில் ஒரு சிசுவை இறக்க எனக்கு மனம் வரவில்லை. மற்றொன்றில் டேரில் திரும்புவதில்லை. அதை எழுதிவிட்டு அன்று முழுக்க அவனோடு மனதுக்குள் சண்டை போட்டேன்.

கடைசியில் டேரில் ஏதோ சொன்னான் என்பது மட்டும் நிச்சயம். அத்தனை படகும் கேட்டது. ஆனால் அதே நேரம் ஷெல்பிக்கு அடுத்த வலி வந்துவிட்டது, அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. துறையிலிருந்து இதுவரை அவள் காதால் கேட்டுத்தான் நான் எழுதிவந்தேன். அவள் கேட்காததை நான் எப்படி எழுதுவது?

நீங்கள் கேட்டிருப்பீர்கள். வயர்லெஸ்ஸுக்கு என்னைவிடப் பக்கத்தில் நீங்கள்தான் நிற்கிறீர்கள். வலி தணிந்ததும் ஷெல்பி தலையை நிமிர்த்தி, "என்ன சொன்னான்?" என்று கேட்பாள். மார்னி சொல்வாள் என்று நம்பியிருக்காதீர்கள், அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள், அடுத்த வலிக்கு அதிக நேரமில்லை.